அப்பா மூட்டும் இலைத் தீ

கேள்வி: வணக்கம் ஐயா. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), மூலை வீட்டில் இருக்கிறோம். வீடு என் பெயரில் இருக்கிறது. அப்பாவுக்கு 78 வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். வீட்டில் ஒரு மாமரம், ஒரு ரம்புத்தான், வேலியோரம் பூசைக்காக வைத்த அரளி. அப்பா தினமும் காலையில் இலைகளைக் கூட்டிக் குவித்து, சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் வேலியோரம் எரித்துவிடுவார். கொசு ஓடும், சாம்பல் கறிவேப்பிலைக்கு நல்லது என்பார். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தில் சின்னப் பையனுக்கு ஆஸ்துமா. இரண்டு முறை நேரில் சொன்னார்கள். மூன்றாவது முறை புகார் செய்துவிட்டார்கள். போன வாரம் இரண்டு அதிகாரிகள் வந்து படம் எடுத்து, எச்சரித்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. "சீன ஏழாம் மாதத்தில் அவர்கள் முன்னோருக்கென்று கட்டுக் கட்டாகக் காகிதம் எரிக்கும்போது நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்கிறார். நம் வேலிக்குள் நம் மரத்து இலையை எரிப்பது குற்றமா? சம்மன் வந்தால் யார் பெயரில் வரும்? இந்த இலையை என்னதான் செய்வது? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

ஆமாம், குற்றம்தான். இலை உங்கள் மரத்தினுடையது, இடம் உங்களுடையது என்பதால் அது மாறாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளாட்சிச் சுகாதாரப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ வாசல்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள்: வயதானவர்கள், ஈர்க்குச்சி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி, தாங்கள் செய்த தப்பு என்ன என்று புரியாமல் நிற்பவர்கள். அதனால் சட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 29ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது முதலிலேயே இருந்ததல்ல. 1997-இல் நாட்டை மூடிய புகைமூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். சரவாக்கில் அவசரநிலையே அறிவித்தார்கள். அதற்கு மறு ஆண்டு, 1998-இல், சட்டத்தைத் திருத்தித் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்தார்கள். எது திறந்தவெளி எரிப்பு என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது: புகைபோக்கி வழியாகப் போகாமல் திறந்த வெளியில் எரிகிற, கனல்கிற, புகைகிற எல்லாமே. "தீயே இல்லை சார், வெறும் புகைதான்" என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். புகைந்தாலே போதும், அது எரிப்புதான். பழைய எண்ணெய்த் தகரத்துக்குள் போட்டு எரித்தாலும் அப்படியே.

தண்டனை முன்பு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருந்தது. 2024 ஜூலை 7 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அந்த அபராத உச்சத்தை 10 லட்சம் ரிங்கிட்டாக்கிவிட்டது. பயப்படாதீர்கள், வீட்டு இலையைக் கூட்டி எரித்த முதியவரை யாரும் அந்த உச்சத்துக்குக் கொண்டுபோவதில்லை. எச்சரிக்கை, அதற்குப் பிறகும் தொடர்ந்தால் கம்பவுண்ட் என்கிற சமரச அபராதம், இதுதான் நான் பார்த்த வழக்கம். ஆனால் முன்பு 2,000 ரிங்கிட்டோடு நின்ற அந்தக் கம்பவுண்டையும் புதிய திருத்தம் உயர்த்தியிருக்கிறது. அதனால் முதல் முறை எச்சரிக்கையோடு போனதை நல்ல வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த படம் அவர்களிடம் இருக்கிறது. இரண்டாவது முறை வரும்போது "தெரியாமல் செய்துவிட்டோம்" என்று சொல்ல இடமிருக்காது.

சம்மன் யார் பெயரில் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இதுதான் மிகச் சரியான கேள்வி. பலர் இதை நினைத்தே பார்ப்பதில்லை. அதே சட்டத்தின் 29பி பிரிவு, ஓர் இடத்தில் எரிப்பு நடந்தால் அந்த இடத்தின் உரிமையாளரோ அதைத் தம் பொறுப்பில் வைத்துக் குடியிருப்பவரோ எரித்ததாகவே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. தீக்குச்சியைக் கிழித்தது அப்பா. வீட்டுப் பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர். நீங்கள் அலுவலகத்தில் இருந்தேன், வீட்டிலேயே இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. எனக்குத் தெரியாமலோ என் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டோ நடந்தது, அல்லது தடுக்க வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன் என்று காட்டினால்தான் 29சி பிரிவு தரும் தற்காப்பு கிடைக்கும். எச்சரிக்கை வாங்கிய பிறகு "தெரியாது" என்பது செல்லாது. தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆள் வைத்திருப்பவர்களுக்கும் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இதுவேதான். புல் வெட்ட வந்தவர் மூலையில் எரித்துவிட்டுப் போனாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். "எரிக்கக் கூடாது, கட்டி வெளியே வையுங்கள்" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது.

ஒருவேளை கம்பவுண்ட் நோட்டீஸ் வந்தால் அதை மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடாதீர்கள். அது நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்ளத் தரும் வாய்ப்பு. குறிப்பிட்ட நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்காகும். தொகை கனமாக இருந்தால், நோட்டீஸ் தந்த அலுவலகத்துக்கே நேரில் போய், வயதையும் சூழ்நிலையையும் எழுத்தில் கொடுத்துக் குறைக்கக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

சரி, சீனர் வீட்டுக் காகிதம்.

அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2003-இல் வந்த ஓர் உத்தரவு சில எரிப்புகளுக்கு நிபந்தனைகளோடு விலக்குத் தருகிறது. சமய வழிபாடு, பிணம் எரித்தல், உணவு சுடுதல் போன்றவை அதில் அடங்கும். ஏழாம் மாதத்துக் காகிதம் அந்த விலக்கில் வருகிறது. நாம் போடும் சாம்பிராணியும், கோயிலில் வளர்க்கும் ஹோமமும், கற்பூரமும் அதே விலக்கின் நிழலில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று இதில் எதுவும் இல்லை. அப்பாவிடம் இதை இப்படியே சொல்லலாம். கூடவே ஒன்று: போகியன்று பழைய பாய், தலையணை, ஞெகிழி எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்துவதற்கு அந்த விலக்கை நம்பாதீர்கள். வாசலில் பொங்கல் பானை ஏற்றுவது வழிபாடு, சமையல். பழைய மெத்தையைக் கொளுத்துவது குப்பை எரிப்பு.

இலை தழைகளுக்கும் அந்த உத்தரவில் இடம் இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். அது குப்பை எடுக்க ஆளே வராத இடங்களை மனத்தில் வைத்து எழுதியது. வாசலுக்கே லோரி வரும் செந்தூல் தாமானுக்கு அது பொருந்தாது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டிவிட்டால் அங்கேயும் தடை அறிவிப்பார்கள். அந்த நாட்களில் வழிபாடு, தகனம் போன்ற மிகச் சிலவே தப்பும்.

சட்டம் இவ்வளவுதான். இனி அந்த ஆறரை மணியைப் பற்றிப் பேச வேண்டும். என்னைக் கேட்டால் பிரச்சினையின் பாதி அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

நடுப்பகலில் தரை சூடாக இருக்கும். புகை சூட்டோடு மேலெழுந்து கலைந்துவிடும். சூரியன் சாய்ந்ததும் தரை குளிரத் தொடங்கும், அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகும். மேலே இன்னும் வெதுவெதுப்பான காற்று இருப்பதால் கீழே உள்ளது மூடி போட்ட பானைபோல அப்படியே நிற்கும். கோலாலம்பூர் வேறு, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரை வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் கிடக்கும் ஊர். அந்தி நேரத்தில் பெரும்பாலும் காற்றசைவே இருக்காது. அப்போது எழுகிற புகை உயரப் போகாது, வேலி உயரத்தில் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஊரும். நம் தொடர்வீடுகளில் சன்னலுக்கு மேல் காற்றுத் துளைகள் வைத்துக் கட்டியிருப்பார்கள். சன்னலைச் சாத்தினாலும் புகை உள்ளே போகும். பக்கத்து வீட்டு அம்மா எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் அந்தப் பையனின் அறைக்குள் அது போயிருக்கும்.

இன்னொன்று, இங்கே பாதி நாள் பிற்பகலில் மழை. மாவிலை தோல்போலத் தடித்தது. மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருக்கும் குவியல் சடசடவென்று எரியாது, மணிக்கணக்கில் புகையும். சரியாக எரியாமல் புகைவதில்தான் கார்பன் மோனாக்சைடும் ஃபார்மல்டிஹைடும், புற்றுநோயோடு தொடர்புடைய பென்சோபைரீன் போன்றவையும் அதிகம் கிளம்பும். அதோடு நுண்துகள்கள். 2.5 மைக்ரோன் அளவுக்கும் குறைந்த துகள் என்று படித்திருப்பீர்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதை நிறுத்தாது. நுரையீரலின் கடைசி அறைவரை போகும், மிகச் சிறியவை அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சுக்குழாய் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பது. இந்தப் புகை பட்டதும் அது இறுகும். இரவு பத்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி, நெபுலைசர் வைத்துவிட்டு வீடு திரும்பும் பெற்றோர் மூன்றாவது முறை புகார் செய்ததில் எனக்கு வியப்பில்லை. இரண்டு முறை நேரில் வந்து சொன்னார்களே, அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். பலர் அதுகூடச் செய்வதில்லை.

ஆனால் அந்தப் பையன் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். தீக்கு மிக அருகில், குனிந்து குச்சியால் கிளறிக்கொண்டு நிற்பது யார்? உங்கள் அப்பா. 78 வயது நெஞ்சு. நுண்துகள் நுரையீரலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம் இரண்டின் ஆபத்தையும் அது கூட்டுகிறது, வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாக. அதிகாரிகள் வந்த அவமானத்தைவிட இதைத்தான் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

அரளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரளியின் இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. அதை எரித்த புகையும் ஆகாது. பூசைக்கு வைத்த செடி இருந்துவிட்டுப் போகட்டும். வெட்டிய கிளையை மட்டும் எந்தக் காலத்திலும் தீயில் போட வேண்டாம். அந்தக் குச்சியைப் பொறுக்கி அடுப்புக்கோ, சாத்தே சுடவோ எடுத்துவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

தீயே அணைந்துவிட்டது என்று நினைத்த பிறகும் ஆபத்து இருக்கிறது. நான் பணியில் இருந்தபோது ஒரு வீட்டுக்குப் போனேன். முதல் நாள் சாயங்காலம் தாத்தா இலையை எரித்திருக்கிறார். மறுநாள் காலை மேலே வெறும் வெள்ளைச் சாம்பல், பார்த்தால் மெத்தைபோல இருக்கும். மூன்று வயதுப் பேத்தி வெறுங்காலோடு அதில் இறங்கிவிட்டாள். அடியில் கனல் இருந்தது. சாம்பல் ஒரு போர்வை, அதற்குள் நெருப்பு ஓர் இரவு முழுக்க உயிரோடு இருக்கும். அந்தத் தாத்தா என்னிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை ஆண்டுகளாகியும் அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவர் கெட்டவரும் இல்லை, அலட்சியமானவரும் இல்லை. தினமும் வாசலைச் சுத்தமாக வைத்திருந்தவர்.

இப்போது அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன்.

அவர் செய்வது சோம்பேறித்தனமோ பிடிவாதமோ அல்ல என்பதை முதலில் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அந்தக் காலத்தில் குப்பை லோரி ஏது? வாசலைக் கூட்டி, ஓரமாகக் குவித்து, அந்தியில் தீ வைத்தால்தான் பாம்பும் பூரானும் வீட்டருகே அண்டாது. அடுத்த லயத்துக்கு நடுவில் இடம் இருந்தது, காற்று இருந்தது. புகையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் பேசுவார்கள். அவர் அங்கே ஒழுங்கானவராக வளர்ந்ததன் அடையாளம் அந்தத் தீ. வந்த இடத்தில், அதுவும் மனைவி போன பிறகு, அவருக்கென்று மிச்சமிருக்கும் ஒரு வேலை அது. "இனிமேல் இதைத் தொடாதீர்கள் அப்பா" என்று சொன்னால் அவர் கேட்பது "இனி உங்களுக்கு இங்கே வேலை இல்லை" என்பதாகத்தான் இருக்கும். காலையில் கூட்டுவது அப்படியே இருக்கட்டும். மாற வேண்டியது ஆறரை மணி மட்டும்தான்.

தோட்டக்காரரிடம் தோட்டத்தைக் கொண்டே பேசுங்கள். மறுநடவு என்றால் முன்பெல்லாம் கிழட்டு மரங்களைச் சாய்த்து, நாட்கணக்கில் எரிப்பார்கள், அவர் பார்த்திருப்பார். இந்த நாட்டுச் செம்பனைத் தோட்டங்கள் பிறகு அதை விட்டுவிட்டன. சாய்த்த மரத்தைத் துண்டு துண்டாகச் சீவி, வரிசைகளுக்கு நடுவே பரப்பி, மேலே மூடுபயிர்க் கொடியை ஓடவிட்டு மட்க வைக்கிறார்கள். எரிக்காத மறுநடவு என்றே அதற்குப் பெயர். மண்ணுக்கு அதுதான் நல்லது என்று கண்டுகொண்டார்கள். "தோட்டமே எரிப்பதை நிறுத்திவிட்டது அப்பா" என்பது, "சட்டம் கூடாது என்கிறது அப்பா" என்பதைவிட அவர் காதில் நன்றாக விழும்.

சாம்பல் உரம்தானே என்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்காதீர்கள். சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. நம் புளிப்பான செம்மண்ணுக்குக் கொஞ்சம் போட்டால் நல்லதும்கூட. ஆனால் இலைக்குப் பச்சை நிறம் தருவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். எரிக்கும்போது அது புகையோடு போய்விடுகிறது. மண்ணைப் பொலபொலவென்று வைத்து நீரைப் பிடித்து நிறுத்தும் மட்கும் மிஞ்சாது. கறிவேப்பிலைக்கு வேண்டியது இலை. இலையைத் தரும் சத்தை ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தைச் செடிக்குப் போடுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். செடி வளர்த்தவருக்கு அது சட்டென்று புரியும்.

கொசுவுக்கும் அப்படித்தான். புகை இருக்கும்வரை கொசு விலகும், புகை போனதும் திரும்பி வரும். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்னும்தான் அதிகம் கடிக்கிறது. அப்பா தீ மூட்டும் நேரத்தில் அது பாதி வேலையை முடித்திருக்கும். கொசுவை விரட்ட வேண்டுமென்றால் அவர் கண் போக வேண்டியது கூரைத் தகரத்து நீரோடையில் அடைத்துக் கிடக்கும் மாவிலைக்கும், செடித் தட்டுகளில் நிற்கும் தண்ணீருக்கும்தான். அந்த வேலையையும் அவரிடமே கொடுங்கள். ஏணி மட்டும் நீங்களோ மாப்பிள்ளையோ ஏறுங்கள்.

இலையை என்ன செய்வது? பெரும்பகுதியை வீட்டிலேயே மட்க வைக்கலாம். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்ட்வேர் கடையில் கம்பி வலை வாங்கி, ஒரு மீட்டர் அகலம் வரும்படி வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். உயரமும் ஒரு மீட்டர் போதும். வேலியையும் வீட்டுச் சுவரையும் ஒட்டாமல், மாமர நிழலில், நேரே மண்மேல் நிறுத்துங்கள். அடியில் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் காற்று புகும். அதற்கு மேல் காய்ந்த இலை மூன்று பங்கு, ஈரமான பச்சைக் கழிவு ஒரு பங்கு என்று அடுக்கு அடுக்காகப் போடுங்கள். காய்கறித் தோல், முருங்கை உருவிய காம்பு, வெட்டிய புல், தேயிலைச் சக்கை, பழத் தோல் எல்லாம் பச்சைக் கழிவு. ரம்புத்தான் காலத்தில் அந்தத் தோலே மலைமாதிரி சேரும், போடலாம். வெறும் காய்ந்த இலையை மட்டும் குவித்தால் மட்க ஆண்டாகும். காய்ந்த இலையில் கரிச்சத்து, அதாவது கார்பன், அதிகம், தழைச்சத்து குறைவு. நுண்ணுயிர்களுக்கு ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டும் வேண்டும். அதற்காகத்தான் பச்சைக் கழிவைக் கலக்கிறோம். மாவிலை தடிப்பானது என்பதால், போடும் முன் புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் ஒரு முறை ஓட்டினால் பாதிக் காலம் மிச்சம்.

ஈரம் எவ்வளவு? ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் வர வேண்டும். நம் மழைக்கு மேலே ஒரு தகரமோ பலகையோ மூடி வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை அவ்வப்போது தெளிக்கலாம். அடுக்கு சரியாக அமைந்தால் நாலைந்து நாளில் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, சற்றுப் பொறுத்து உருவித் தொட்டுப் பாருங்கள், சுடும். குவியலின் நடுவில் 55, 60 பாகை வரைகூட ஏறும். அப்பாவை அந்தக் கம்பியைத் தொடச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு முறை மண்வெட்டியால் புரட்ட வேண்டும். காற்றுக்காக மட்டுமல்ல. தென்னையைத் தின்னும் காண்டாமிருக வண்டு மட்கும் குப்பையில்தான் முட்டையிடும். விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் தெரிந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சமைத்த சோறு, மீன், எலும்பு, தேங்காய்ப்பால் கறி எதையும் போடாதீர்கள், எலி வரும். அரளியை நான் மட்கவும் வைப்பதில்லை, லோரியில் அனுப்பிவிடுவேன். மூன்று, நான்கு மாதத்தில் அடியில் கறுப்பாக, மழை பெய்த மண்வாசத்தோடு உதிரியாக வரும். அதுதான் கறிவேப்பிலைக்கு.

எல்லா இலையும் அந்த வலைக்குள் அடங்காது. மரத்தைக் கழிக்கும்போது கிளை கிளையாக விழும். அதற்கு லோரி இருக்கிறது. கோலாலம்பூர், 672 என்கிற திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் வரும் இடம். இங்கே வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை எடுப்பார்கள். இன்னொரு நாள் மறுசுழற்சிப் பொருள், பெரிய சாமான், தோட்டக் கழிவு இவற்றுக்கென்று வருவார்கள். உங்கள் தெருவுக்கு அது எந்த நாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். கிளைகளை ஓராள் தூக்கும் அளவுக்கு வெட்டிக் கயிற்றால் கட்டி, இலைகளைப் பையில் போட்டு, அன்று காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் நாள் இரவே வைத்தால் நாய் இழுத்துவிடும். ஒரு முழு மரத்தையே வெட்டுகிறீர்கள் என்றால், வெட்ட வருபவரிடமே கழிவையும் ஏற்றிப்போகச் சேர்த்து விலை பேசுங்கள். அவர் அதைக் கண்ட இடத்தில் கொட்டாமல் முறையாகக் கொண்டுபோகிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாக்கடையில் தள்ளிவிடுவது வழி அல்ல. அதுவும் குற்றம், அடுத்த பெருமழைக்கு வெள்ளம் உங்கள் வாசலுக்கே வரும்.

பினாங்கிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிப்புத் தடை அங்கேயும் இதே சட்டம்தான். குப்பை எடுப்பது மட்டும் வேறு. பினாங்கு 672 சட்டத்தை ஏற்காத மாநிலம் என்பதால் தீவிலும் செபராங் பிறையிலும் அந்தந்த மாநகர் மன்றமே கவனிக்கிறது. தோட்டக் கழிவுக்கு என்ன நாள் என்பதை அங்கேதான் கேட்க வேண்டும்.

புகையால் தவிக்கும் பக்கத்தில் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். முதலில் நேரில் சொல்லுங்கள், இந்தக் குடும்பம் செய்ததுபோல. கேட்காவிட்டால் சுற்றுச்சூழல் துறையின் இலவச எண் 1-800-88-2727. தீ பரவும் நிலை என்றால் யோசிக்காமல் 999.

இனிப் பக்கத்து வீடு. அப்பாவை மன்னிப்புக் கேட்கச் சொல்லி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் நீங்கள் போங்கள். "அப்பா இனி எரிக்க மாட்டார், பையன் இப்போது எப்படி இருக்கிறான்?" என்று மட்டும் கேளுங்கள். புகார் செய்ததைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஏழாம் மாதத்துக் காகிதத்தையும் அன்று எடுக்காதீர்கள். நாளை பழகிய பிறகு, காற்று உங்கள் பக்கம் அடிக்காத இடத்தில் தகரப் பெட்டி வைத்து எரிக்க முடியுமா என்று இயல்பாகக் கேட்கலாம், அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மாங்காய் காய்க்கும்போது அப்பா கையாலேயே ஒரு பை கொடுத்து அனுப்புங்கள். அந்தப் பையன் வேலிக்கு அருகில் வந்து நின்றால், குவியலில் செருகிய அந்தக் கம்பியை அவனிடமும் தொட்டுப் பார்க்கக் கொடுப்பார் உங்கள் அப்பா, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கம்பி வலையை இந்தச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். இடத்தை அப்பாவே காட்டட்டும். பழைய எரிமேட்டில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கனல் இல்லை என்று உறுதியான பிறகு அந்தச் சாம்பலை முதல் அடுக்கின்மேல் மெல்லியதாகத் தூவிவிடலாம், அது வீணாக வேண்டாம். நாலு மாதம் கழித்துக் கறிவேப்பிலை எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.